வெள்ளிக்கிழமைகளில் அணைந்த கல்தாயா

புதுக் கல்தாயா பூட்டிய பிறகு மூன்று வெள்ளிக்கிழமை தொடர்ந்து அது அணைந்தது. மூன்றாவது தடவையும் அதே சிவப்பு விளக்கு எரிந்தது. கல்தாயா என்றால் வேறொன்றுமில்லை, குசினிச் சுவரில் தொங்கும் ஒரு வெள்ளைப் பெட்டி. காஸில் எரிந்து வீட்டையும் சூடாக்கும், குளிக்கச் சுடுதண்ணீரும் தரும். சிவப்பு விளக்கு எரிந்தால் இரண்டும் இல்லை. இத்தாலியின் தெற்கே பலெர்மோவில் என்ன பெரிய குளிர் என்று கேட்பவர்கள் ஜனவரியில் அந்தக் கல்வீடுகளுக்குள் ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும். தெருவில் வெயில் அடிக்கும், உள்ளே விரல் விறைக்கும்.

நான் வேலை செய்த வீட்டு அம்மாவை சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன்; அவருக்கு எண்பதை நெருங்கும் வயது, நெஞ்சில் எப்போதும் சளி. ஒரே மகன் மிலானோவில். தினமும் மாலை ஏழு மணிக்கு ரெலிபோன் எடுப்பார். இன்னொரு தரம் வீடு குளிர்ந்தால் வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன், வீட்டைப் பூட்டவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டாராம். வீட்டைப் பூட்டினால் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் மார்ச்சில் என் பெர்மெசோவை, இங்கே தங்கும் அனுமதித் தாளை, புதுப்பிக்கக் கையெழுத்து வைக்க ஆளில்லை. அந்தத் தாளை நம்பித்தான் கொழும்பில் தங்கச்சியோடு விட்டிருந்த என் மகளைக் கூப்பிட இருந்தேன். ஒரு வெள்ளைப் பெட்டியின் சிவப்புப் பொட்டில் என் பிள்ளை தொங்கிக்கொண்டிருந்தாள்.

பூட்டிய மெக்கானிக்கே திருத்தவும் வந்தார். அந்தப் பெட்டியின் குணம் என்னவென்றால், மாலையில் அணையும், எத்தனை தரம் பொத்தானை அமத்தினாலும் அசையாது. விடிய அமத்தினால் ஒன்றும் நடக்காத மாதிரிப் பற்றிக்கொள்ளும். அவர் வரும்போது நல்ல பிள்ளையாக எரிந்துகொண்டிருக்கும். முதல் தரம் துப்புரவாக்கினார். இரண்டாம் தரம் ஏதோ ஒரு பாகத்தை மாற்றினார். மூன்றாம் தரம், பெட்டியில் குறை இல்லை, யாரோ கை வைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு அடக்க முடியாத ஆத்திரம். ஆடத் தெரியாதவனுக்கு முற்றம் கோணலாம் என்று தமிழில் முணுமுணுத்துவிட்டுக் கோப்பை கழுவப் போனேன்.

இந்த இடத்தில் என் பொய் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த வேலையை எடுத்துத் தந்தவள் மன்னார்ச் சிநேகிதி, மாதா கோயில் சிஸ்டர் மூலமாக. வேதக்கார, அதாவது கிறிஸ்தவப் பிள்ளைதான் வேண்டும் என்று சிஞ்ஞோரா கேட்டாராம். "சிஸ்டர் கேட்டா ஓம் எண்டு சொல்லு, மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்றாள் சிநேகிதி. சொன்னேன். இரண்டு வருடம் தினமும் ஐந்து மணிக்கு சிஞ்ஞோராவுக்குப் பக்கத்தில் இருந்து செபமாலை சொன்னேன். தேவாரம் மறந்தாலும் மறப்பேன், அந்தச் செபங்கள் மறக்காது.

ஆனால் வெள்ளிக்கிழமையை விட முடியவில்லை. ஆறு மணிக்கு சிஞ்ஞோரா ரெலிவிஷனுக்கு முன்னால் இருப்பார். நான் குசினிக் கதவைச் சாத்தி, யன்னலையும் பூட்டி, பிஸ்கட் ரின்னுக்குள் ஒளித்துவைத்த முருகன் படத்தை எடுத்து வைப்பேன். பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில் எங்கள் ஆட்களின் கடையில் வாங்கிய கற்பூரம். மணம் வெளியே போகக்கூடாதே என்று அடுப்புக்கு மேலிருக்கும் புகை இழுக்கும் விசிறியை முழு வேகத்தில் போடுவேன். விசிறியைப் போட்டதும் சுவர் ஓட்டையால் காற்று விசுக்கென்று வந்து கற்பூரத்தை அணைத்துவிடும். பழைய கல்தாயா பல்கனியில் இருந்தது. புதியதைக் குசினிக்குள் பூட்டியபோது மெக்கானிக் சுவரில் ஓட்டை போட்டு ஒரு கம்பிவலையை வைத்துவிட்டுப் போனார். எதற்கென்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. ஒரு துவாயைச் சுருட்டி அதற்குள் அடைத்தேன். தீபம் ஆடாமல் நின்றது. கும்பிட்டு முடிந்ததும் துவாயை எடுத்துவிடுவேன்.

மூன்றாம் தடவைக்குப் பிறகு பயத்தில் செவ்வாய்க்கிழமையும் கும்பிடத் தொடங்கினேன். அந்தச் செவ்வாயும் கல்தாயா அணைந்தது. நல்ல வேளை, சிஞ்ஞோரா அதை மகனுக்குச் சொல்லவில்லை. முருகா, உனக்கும் என்னிலே கோபமா என்று அழுதேன்.

இனி நான் வெள்ளி ஐந்து மணிக்கே வந்து பெட்டிக்கு முன்னால் இருக்கிறேன், யார் கை வைக்கிறார்கள் என்று பார்ப்போம் என்றார் மெக்கானிக். வந்தார். கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். ஆறு மணியானது, ஆறேகால் ஆனது. கல்தாயா எரிந்துகொண்டே இருந்தது. சிஞ்ஞோராவும் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார். நான் கரட் சுரண்டினேன்.

மெக்கானிக் எழும்பி, பார்த்தீர்களா, நான் இருந்தால் அணையாது என்றார். சிஞ்ஞோரா என் பக்கம் திரும்பினார்.

"நீ இதிலை கை வைக்கிறனியோ?"

"இல்லை, சிஞ்ஞோரா."

"அப்ப மற்ற வெள்ளிக்கிழமையளிலை இந்த நேரம் கதவைச் சாத்திப்போட்டு இஞ்சை என்ன செய்யிறனி?"

கதவு சாத்துவது அவருக்குத் தெரிந்திருக்கிறது! அப்போதுதான் எனக்கும் உறைத்தது. இன்றைக்கு நான் கும்பிடவில்லை, இன்றைக்கு அது அணையவில்லை. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். சமைத்தேன் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால், கல்தாயாவைக் கெடுத்த கள்ளி என்று மகனுக்குச் செய்தி போகும். உண்மையைச் சொன்னால் சிஸ்டரை ஏமாற்றியவள் என்று போகும். எப்படியும் வேலை போகப்போகிறது, செய்யாத குற்றத்துக்கு ஏன் போக வேண்டும் என்று ஒரு வீம்பு வந்தது. பிஸ்கட் ரின்னை எடுத்து மேசையில் வைத்தேன்.

ஒன்றையும் விடாமல் செய்து காட்டினேன். கதவு, யன்னல், படம், விசிறி, துவாய். கற்பூரத்தைக் கொளுத்தினேன். சிஞ்ஞோரா படத்துக்குக் கிட்ட வந்தார். மெக்கானிக் மட்டும் துவாயைப் பார்த்ததும் முகம் மாறி, ஒரு நெருப்புக்குச்சியைக் கொளுத்திக் கல்தாயாவின் மேலே புகைக்குழாய் தொடங்கும் இடத்தருகே பிடித்தார். குழாய்க்குள் மேலே இழுபட வேண்டிய சுவாலை எங்கள் பக்கம் வளைந்தது. கொஞ்ச நேரத்தில் டிக் என்றொரு சத்தம். சிவப்பு விளக்கு.

அவர் பாய்ந்து துவாயை இழுத்தெறிந்து, யன்னலை அகலத் திறந்தார். விசிறி வெளிக்காற்றை இழுக்கத்தான் அந்த ஓட்டை, அதை அடைத்தால் விசிறி கல்தாயாவின் நச்சுப் புகையைக் குழாயிலிருந்து திருப்பிக் குசினிக்குள் இழுக்கும் என்றார். பிறகு கதிரையில் இருந்துகொண்டு தணிந்த குரலில் சொன்னார்.

"பெட்டிக்குள்ளை ஒரு சின்னச் சாமான் இருக்கு. புகை திரும்பினா நிப்பாட்டும், ஆறும்வரைக்கும் பத்தவிடாது. அது நிப்பாட்டாட்டி நீ இந்தக் கதவாலை வெளியிலை வந்திருக்கமாட்டாய்."

மூன்று வெள்ளி, ஒரு செவ்வாய், நாலு தரம். என் மகளை நினைத்துக்கொண்டே விசிறியை நிறுத்தினேன்.

சிஞ்ஞோரா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு வருசம் எனக்குப் பக்கத்திலை இருந்து செபம் சொன்னனி. அதெல்லாம் பொய்யோ?"

"செபம் பொய்யில்லை, சிஞ்ஞோரா. நான் வேதக்காரி எண்டதுதான் பொய்."

"இவரிட்டை என்ன கேட்டனி?"

"கல்தாயா நிக்கக்கூடாது எண்டு."

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிஞ்ஞோரா சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ரெலிபோன் அடித்தது. ஏழு மணி. அவர் நடையில் நின்று மகனோடு கதைத்த ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. திருத்தியாயிற்று, காற்று வரும் வழி அடைபட்டிருந்தது என்றார். பிறகு கொஞ்சம் சத்தமாக, "நான் ஒரு இடமும் வரேல்லை. இஞ்சை எனக்கு ஆள் இருக்கு" என்றார். முருகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மெக்கானிக் போன பிறகு குசினிக்குத் திரும்பி வந்தார். பொய் சொன்னதை நான் மறக்கமாட்டேன் என்றார். யன்னல் காற்றில் கற்பூரம் பாதியிலேயே அணைந்து கிடந்தது. அவர் அதைக் காட்டினார்.

"கும்பிட்டு முடி. யன்னல் திறந்தபடி இருக்கட்டும்."

கொளுத்தினேன், அணைந்தது. மூன்று தரம் அப்படியே. நாலாம் தரம் கொளுத்தியபோது கற்பூரத் தட்டின் ஒரு பக்கம் காற்றை மறைத்தபடி என் கை, மற்றப் பக்கம் சிஞ்ஞோராவின் செபமாலை சுற்றிய கை. கற்பூரம் எரிந்து முடியும்வரை அவர் கையை எடுக்கவில்லை.