வாழைத்தோல் பிடித்த செம்பு

கழிவுத் தண்ணீரைக் கழிவுத் தோலால் சுத்தம் செய்கிற வேலையில், எது அழுக்கு எது மருந்து என்று நமக்கே குழம்பிப்போகும். இதே வேலையில் தோலும் ஓடும் அள்ளிக் கொட்டியே கை அலுத்த சகோதரிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

நாகர்கோவிலில் விளக்குகளுக்குச் செம்பு முலாம் பூசும் சின்னப் பட்டறையில் நாங்கள் ஆறு பெண்கள் வேலை பார்க்கிறோம். கழுவிவிடும் தண்ணீரில் செம்பு குறையாவிட்டால் பட்டறையைப் பூட்டவேண்டியதுதான் என்று அதிகாரி சொல்லிவிட்டார். நேந்திரங்காய்த் தோலை உலர்த்திப் பொடித்துப் போட்டால் செம்பைப் பிடித்துக்கொள்ளும் என்று கல்லூரி டீச்சர் ஒருவர் வழி சொன்னார். தோல் வேலை என் தலையில் விழுந்தது.

இரண்டு சாக்குத் தோல்

சிப்ஸ் கடையில் போய்த் தோல் கேட்டேன். "எக்கா, ஆடு எத்தன நிக்குவு?" என்றார் கடைக்காரர். ஆடு இல்லை, பட்டறைத் தண்ணீரில் போட என்றேன். அடுப்பைத் தணித்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ஆடு திங்கும், மாடு திங்கும். தண்ணி எப்பம்க்கா தோல் திங்கத் தொடங்கிச்சு?"

நீலம் போன தொட்டி

ஜெபம் பண்ணித்தான் பொடியைத் தொட்டியில் போட்டேன். மறுநாள் பார்த்தால், நீலத் தண்ணீர் பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் நிற்கிறது. டீச்சர் சோதித்துவிட்டு, செம்பு நன்றாகக் குறைந்திருக்கிறது, இது தோலின் சாயம்தான், இனி பொடியை வெந்நீரில் அலசிப் போடுங்கள் என்றார். எனக்குப் பாதி புரிந்தது. முதலாளிக்கு அதுவும் இல்லை.

"கண்ணாடி மாதிரி கெடந்த தண்ணி! இத அதிகாரிட்ட காட்டினா இன்னைக்கே பூட்டுவாருக்கா!"

வாழைமூட்டில் ஒரு வாளி

வேலை முடிந்த பொடியை வீச மனம் வரவில்லை. தோல்தானே, உரமாகட்டும் என்று ஒரு வாளி கொண்டுபோய் எங்கள் கிணற்றடி வாழைமூட்டில் வேரோரமாகப் போட்டேன். அதைப் பெருமையாகச் சொன்னதும் டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. தண்ணீரில் இருந்த செம்பெல்லாம் அந்தப் பொடியில்தான் இருக்கிறதாம்! ஆண்டவரே என்று ஓடிப்போய் மண்ணோடு சுரண்டி அள்ளிப் பட்டறை டிரம்மில் போட்டேன். நல்லவேளை, மழை இல்லை. கல்ஃபில் இருக்கும் மகன் போனில் கதையைக் கேட்டான்.

"ஊர்த் தண்ணிக்கு வராம தடுத்த வெசத்த, நம்ம கிணத்துக்குச் சுமந்துட்டு வந்தியளாம்மா?"

மூலையில் டிரம்

கடைசியில் அதிகாரியின் சோதனையில் தண்ணீர் தேறிவிட்டது. பூட்ட வேண்டாம் என்று அதிகாரி சொன்னதும் ஆறு பேரும் கண்ணைத் துடைத்தோம். அப்போது மூலையில் இருந்த டிரம்மைத் தட்டி, என்ன இது என்றார். செம்பு பிடித்த பொடி என்றேன். ஓடையிலும் விடக்கூடாது, மண்ணிலும் போடக்கூடாது, எரிக்கவும் கூடாது, அதை எடுக்கத் தனி வண்டி வரும் என்றார். ஒரு டிரம்முக்கு வருமா என்று கேட்டேன்.

"ஒண்ணுக்கெல்லாம் வராதும்மா. நெறைய சேத்து வையுங்க."

பட்டறை தப்பியதற்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டேன், ஆனால் டிரம்கள் சீக்கிரம் நிறையட்டும் என்று ஜெபிப்பதா, நிறையவே வேண்டாம் என்று ஜெபிப்பதா என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.