அக்கிக்கு வாலைக் காட்டிய சிங்கம்

இப்போதெல்லாம் உதட்டோரத்தில் சுருசுருவென்று ஏதாவது கிளம்பினால், மருந்துக் கடையில் போய் வாயைக் காட்டினால் போதும். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு டியூப்பை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். கொப்புளம் எழும்புவதற்கு முன்னால், அந்த எரிச்சல் தட்டும்போதே தடவிவிட வேண்டும். தடவிய விரலைக் கழுவ வேண்டும். நாம் வாய் வைத்த டம்ளரை அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது. அவ்வளவுதான் சங்கதி. டாக்டரைக் கேட்டால், இது உடம்புக்குள்ளே எங்கேயோ படுத்துத் தூங்குகிற ஆசாமி, காய்ச்சலோ வெயிலோ கவலையோ தட்டி எழுப்பினால் வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவான், நிறையப் பேருக்கு உள்ளதுதான் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

எனக்குப் பெண் பார்த்த காலத்தில் அந்த டியூப் கிடையாது. சிங்கம்தான் இருந்தது.

அக்கி என்று சொல்வோம். கொப்புளம் கூட்டமாகக் கிளம்பி எரிந்தால், அது முதுகில் வந்தாலும் உதட்டில் வந்தாலும் எங்கள் ஊரில் அதற்கு ஒரே பெயர், ஒரே வைத்தியம். பானை வனைகிற வேளாரிடம் போக வேண்டும். அவர் காவிக்கல்லைத் தண்ணீர் விட்டு உரைத்து, கொப்புளத்தைச் சுற்றி ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ஒரு சிங்கம் போடுவார். இதற்கு அக்கி எழுதுவது என்று பெயர். சிங்கம் அக்கியைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அக்கி பயந்து ஓடிவிடும். ஓடியது சிங்கத்துக்குப் பயந்தா, இல்லை தானாகவே ஆறிப்போனதா என்று அன்றைக்கு யாரும் விசாரித்ததில்லை. காவி ஈரமாகப் பட்டதும் எரிச்சலுக்குக் குளுகுளுவென்று இருக்கும். அது மட்டும் நிஜம்.

அறுபதுகள் பிறந்த சமயம். சிவகாசியில் ஒரு அச்சாபீஸில் எனக்கு வேலை. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கிற கம்பெனி. தீபாவளி சீசன் நெருங்கிவிட்டால் மெஷினும் ஓயாது, மெஷின் ஓட்டுகிறவன் வாயும் ஓயாது. அப்பா இல்லாத வீடு என்பதால் எனக்குப் பெண் தேடுகிற பொறுப்பு முழுக்க அம்மா தலையில். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. ஒரு வீட்டில் மாப்பிள்ளை ரொம்பப் பேசுகிறார் என்றார்கள். இன்னொரு வீட்டில் மாப்பிள்ளையின் அம்மா ரொம்பப் பேசுகிறார் என்றார்கள். இரண்டுமே பொய்யில்லை.

மூன்றாவதாக வந்த இடம் அச்சங்குளத்துப் பக்கம் ஒரு கிராமம். கரிசல் காடும் பருத்தியுமாக வசதியான சம்சாரி வீடு. அந்தப் பக்கத்து வீடுகளைப் போலவே பெண்கள் ஓய்ந்த நேரத்தில் தீப்பெட்டியும் ஒட்டுவார்கள். அந்தப் பெண்ணை நான் முன்பே பார்த்திருந்தேன். அந்த ஆடியில் இருக்கன்குடிக் கோயிலுக்குப் போனபோது, வளையல் கடைக்காரரிடம் ஒரு பெண் முகத்தைக் கனமாக வைத்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணே, இந்த வளையல் இங்கனயே ஒடஞ்சிருமா, இல்ல ஊரு போயிச் சேந்த பொறகு ஒடையுமா?" கடைக்காரரே சிரித்துவிட்டார். நான் எனக்குத் தேவையில்லாத ஒரு சீப்பை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றேன். அந்தப் பெண்தான் இந்தப் பெண் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். தள்ளிப்போட முடியாது. அவளுக்கு அத்தை மகன் ஒருவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தான். இந்த இடம் அமையாவிட்டால் அவனுக்குத்தான் என்று பெண்ணின் தாயார் சொல்லி அனுப்பியிருந்தார்.

இந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது சும்மா போகவில்லை. புதன்கிழமை சாயங்காலம் வலது வாயோரத்தில் சுருக்கென்றது. வியாழன் காலையில் கண்ணாடியைப் பார்த்தால், ஆமணக்கு முத்துப்போலக் கொப்புளம் கொத்தாக உட்கார்ந்திருக்கிறது.

அச்சாபீஸில் ஆளுக்கொரு தீர்ப்பு. மெஷின்மேன் பல்லி மூத்திரம் என்றார். பேப்பர் வெட்டுகிறவர் சிலந்தி என்றார். கணக்குப்பிள்ளை, "ராத்திரி வாயைத் தொறந்து தூங்குறவனுக்குத்தான் இது வரும். பகல்லயும் மூட மாட்டான், ராத்திரியும் மூட மாட்டான்" என்றார். நான் பெர்மிஷன் சொல்லிவிட்டு வேளார் வீட்டுக்கு ஓடினேன். வீடு பூட்டிக் கிடந்தது. கோயிலில் விற்க அக்கினிச்சட்டி லோடு ஏற்றிக்கொண்டு இருக்கன்குடி போயிருக்கிறார், சனிக்கிழமைதான் வருவார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

தொங்கிய முகத்தோடு நான் திரும்பி வந்ததை ஆர்ட்டிஸ்ட் அண்ணாச்சி பார்த்துவிட்டார். அச்சுக் கல்லில் லேபிள் படம் வரைகிறவர் அவர்தான். கை சுத்தம். கோபமும் சுத்தம்.

"எதுக்குலே மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்க? சிங்கந்தான வேணும்? நான் போட்ட சிங்கம் நாடு பூராவும் தீப்பெட்டில போயிக்கிட்டிருக்கு. வேளாரு சிங்கம் பூனை மாதிரி இருக்கும்லே. வந்து உக்காரு."

"காவி வேணுமே அண்ணாச்சி?"

"காவி என்ன, செவப்பு இங்க் என்ன? அக்கிக்குக் கலரு பாக்கத் தெரியுமா?"

ஸ்டூலில் உட்காரவைத்து, தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, மெல்லிசுப் பிரஷ்ஷால் வரைய ஆரம்பித்தார். கொப்புளத்தில் படாமல் சுற்றிலும் ஒரு கோடு. பிறகு கன்னத்தில் சிங்கம். பிடரி மயிரை ஒவ்வொன்றாக இழுத்தார். நகம் போட்டார். வேலையை விட்டுவிட்டு எல்லாரும் சுற்றிக் கூடிவிட்டார்கள். முடித்துவிட்டு எட்டி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, தானே திருப்திப்பட்டுக்கொண்டார்.

மெஷின்மேன்தான் முதலில் வாயைத் திறந்தார். "அண்ணாச்சி, சிங்கம் எசப்பா இருக்கு. ஆனா அது இவன் காதைல்லா பாத்துக்கிட்டு நிக்குது. அக்கிக்கு வாலைக் காட்டுதே."

நான் கண்ணாடிக்கு ஓடினேன். உண்மைதான். அக்கியைப் பார்த்துக் கர்ஜிக்க வேண்டிய சிங்கம், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் காதைக் கடிக்கப் போவதுபோல நின்றது. அண்ணாச்சியைக் குற்றம் சொல்லவும் முடியாது. கல்லில் எதை வரைந்தாலும் இடவலம் மாற்றித்தான் வரைய வேண்டும். அப்போதுதான் காகிதத்தில் நேராக விழும். வருஷக்கணக்காக அப்படியே வரைந்து பழகிய கை. என் கன்னத்தையும் கல் என்று நினைத்துவிட்டது.

ஆனால் அண்ணாச்சி விட்டுக்கொடுக்கவில்லை. "அச்சடிச்சா நேரா வரும்லே!" என்றார்.

"இவன் கன்னத்தை எந்த மெஷின்ல குடுத்து அச்சடிக்க?" என்று கேட்டார் பேப்பர் வெட்டுகிறவர்.

சரி, அழித்துவிட்டு மறுபடி போடலாம் என்றால், அது சீக்கிரம் காய்வதற்காக ட்ரையர் கலந்த இங்க். பேச்சு முடிவதற்குள் பிடித்துக்கொண்டுவிட்டது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார்கள். புண்ணில் ஒரு சொட்டுப் பட்டதும் நான் போட்ட சத்தத்தில் முதலாளியே எழுந்து வந்தார். வந்தவர் சிங்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "புது டிசைனா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். துடைத்ததில் சிங்கத்தின் மீசை மட்டும் கொஞ்சம் கலைந்தது. மற்றபடி அது அசையவில்லை.

அம்மா என்னைப் பார்த்ததும் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "எழுதிட்டு வாலேன்னா வெளம்பரம் போட்டுட்டு வந்து நிக்கிறான்" என்றாள். பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தாள். "ஏலே, இது ஒங் காதைல்லா பாக்குது. அங்கன என்ன இருக்கு?"

"போகாம இருந்துருவோமாம்மா?"

"போகாட்டி அத்தை மகன் வேட்டிய அவுத்து உட்டுக்கிட்டு வந்து உக்காந்துருவான். தலைக்குத் துண்டைக் கட்டு. பல்வலின்னு சொல்லிருவோம்."

வெள்ளிக்கிழமை தாடையோடு சேர்த்துத் துண்டைச் சுற்றி உச்சியில் முடிச்சுப் போட்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது, "கடவாப்பல்லா தம்பி?" என்றார். அம்மா ஆமாம் என்றாள். அவ்வளவுதான், சாத்தூர் வருகிறவரை அவர் மைத்துனர் பல் பிடுங்கிய கதையை முழுசாகக் கேட்க வேண்டியதாயிற்று.

பெண் வீட்டில் நல்ல வரவேற்பு. கூடத்தில் பாதிக்குப் பருத்தி அடைத்த தாட்டுச் சாக்கு அடுக்கியிருந்தது. பெண்ணின் தகப்பனார் பெரிய மீசைக்காரர், பேச்சு மெதுவாக வந்தது. "வாங்க மதினி, வாங்க தம்பி. என்ன, பல்லு வலியா? கிராம்பு வைங்க தம்பி, கேட்டுரும்" என்றார். பெண்ணின் தாயார் என் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் சாத்தூர்ச் சேவு வந்தது.

"தின்னுங்க தம்பி. மொறுமொறுன்னு இருந்தாலும் கரைஞ்சிரும், பல்லை ஒண்ணுஞ் செய்யாது."

வேண்டாம் என்று சொன்னால் மரியாதையில்லை. ஒரு கை அள்ளி, இடப்பக்கமாக ஒதுக்கி மென்று பார்த்தேன். மிளகாய்க் காரம் எப்படியோ பாதை கண்டுபிடித்து வலது வாயோரத்துக்குப் போய்விட்டது. எனக்கு உச்சி மண்டையில் தீ பிடித்த மாதிரி இருந்தது. "ஐயோ" என்று எழுந்தவன் கையால் வாயை மூடப் போக, முடிச்சு அவிழ்ந்து துண்டு தோளில் விழுந்தது.

எல்லாரும் என் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி டிராமாவுல நடிக்கிறீகளா?" என்று மெதுவாகக் கேட்டார் தகப்பனார்.

"இல்லங்க, அக்கி. அக்கிக்கு எழுதுனது."

"அக்கிக்கு எழுதுனா காவியில்ல இருக்கும்? இது ரோஸ் கலந்த செவப்பால்ல இருக்கு?" என்று பெண்ணின் தாயார் இப்போதுதான் வாயைத் திறந்தார். பக்கத்தில் வந்து புண்ணைப் பார்த்தார். "வாயில போயி அக்கி வருமா? மதினி, தப்பா நெனைக்காதீக. இது ஏதும் மேகம் கீகம் இல்லையே?"

மேகம் என்றால் போகக்கூடாத இடத்துக்குப் போய் வாங்கி வருகிற வியாதி. அந்தச் சொல் அந்த வாசலைத் தாண்டிவிட்டால் போதும். சாத்தூரில் சொன்னது சிவகாசிக்கு எனக்கு முன்னால் பஸ் ஏறிப் போய்விடும். இந்தப் பெண் மட்டுமல்ல, எந்தப் பெண்ணும் கிடையாது. வாழ்நாளில் முதல் தடவையாக எனக்குப் பேச்சு வரவில்லை.

அம்மாவுக்கு வந்தது. "மதினி, வார்த்தையப் பாத்து விடுங்க. எம்பிள்ளை வீட்டை விட்டா அச்சாபீசு, அச்சாபீசை விட்டா வீடு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு டீக்கடைதான் இருக்கு!"

"டீக்கடையப் பத்தி நமக்கென்ன தெரியும்?" என்றார் அந்த அம்மாள், விடாமல்.

அப்போது உள்கதவுக்குப் பின்னாலிருந்து சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. காப்பித் தட்டோடு அந்தப் பெண் நின்றிருந்தாள். என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இது நாம ஒட்டுற தீப்பெட்டிச் சிங்கம்மா. பெட்டியில இந்தப் பக்கமாப் பாக்கும். இவுக மூஞ்சியில அந்தப் பக்கம் திரும்பி நிக்குது."

"நீ உள்ள போ."

அவள் போகவில்லை. தட்டை இறக்கி வைத்துவிட்டு, வளையல்காரரிடம் கேட்ட அதே கனமான முகத்தோடு கேட்டாள்: "ஏம்மா, பருத்தி எடுப்பு முடிஞ்சா நம்ம அய்யாவுக்கும் வாயோரத்துல இதே மாதிரிக் கொத்தா வருமே. அப்ப அதுவும் மேகமா?"

தகப்பனாரின் மீசை நின்ற இடத்திலேயே நின்றது. "எனக்கு வர்றது உஷ்ணம் தாயி" என்றார்.

"ஆமா," என்றார் அவர் மனைவி, வேறு ஒரு குரலில். என் புண்ணை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பிவிட்டார். "எடுப்பு முடிஞ்சு, விருதுநகருக்குத் தாட்டுக் கொண்டுபோயிப் போட்டுட்டு வந்த பொறகுதான ஒங்களுக்கு வரும்? வருசா வருசம்? அங்க ரெண்டு நாளு தங்கி என்ன வேலை பாப்பீக?"

"அடியே, கமிஷன் கடையில வரிசை நிக்கும்டி!"

"வரிசையில நின்னா வாயில புண்ணு வருமா?"

மெதுவாகப் பேசுகிற மனுஷன் துள்ளி எழுந்தார். நேரே என்னிடம் வந்து, தாடையைப் பிடித்து, அண்ணாச்சி திருப்பிய மாதிரியே வெளிச்சத்தில் திருப்பினார். "இந்தா பாரு, நல்லாப் பாரு. எனக்கு வர்றது அச்சு அசலா இதுதான். வெயில்ல வண்டியில போயிட்டு வந்தா வரும், காய்ச்சல் அடிச்சா வரும். தம்பி, ஒங்களுக்குக் காய்ச்சல் அடிச்சதா?"

"அடிச்சதுங்க."

"கேட்டியா? உஷ்ணம்! கண்ணியமான ஆம்பளைகளுக்கு வர்ற உஷ்ணம்! இவரு மேல ஒரு சொல்லுச் சொன்னே, அது என் மேல சொன்ன சொல்லு!" என்று தாடையை விடாமலே கத்தினார். எனக்கு வலித்தது. ஆனால் எனக்காக இவ்வளவு ஆவேசமாக யாரும் வாதாடி நான் பார்த்ததில்லை. அந்த அம்மாள் இரண்டு வாயோரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். இவன் சுத்தமென்றால் புருஷனும் சுத்தம். அத்தை மகனுக்காக அத்தனை வருஷக் குடித்தனத்தைச் சந்தேகத்தில் நிறுத்த அவர் தயாரில்லை.

"உஷ்ணமாத்தான் இருக்கும்" என்றார் கடைசியில். "இனிமே ரெண்டு பேரும் எண்ணெய் தேச்சுக் குளிங்க. காப்பி ஆறுது, எடுத்துக்கோங்க மாப்ளே."

மாப்ளே என்றார். அம்மா என் தோளில் கிடந்த துண்டுக்கு அடியில் கையைக் கிள்ளினாள். அந்தப் பெண் உள்ளே போகிற வழியில் ஒருமுறை திரும்பினாள். நேர்ப் பார்வை இல்லை. சிங்கத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

நாள் குறிப்பதைப் பற்றிப் பேசும்போது தகப்பனார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். போட்டோ பிடிக்கும்போது கன்னத்தில் மிருகம் எதுவும் நிற்கக்கூடாது. அம்மா சம்மதித்தாள்.

திரும்புகிற பஸ்ஸுக்கு நிற்கையில் அம்மா டிக்கெட்டுக்குச் சில்லறையை எண்ணினாள். எண்ணி முடித்ததும், "பிள்ளை கெட்டிக்காரி. எனக்குப் பிடிச்சுப்போச்சு" என்றாள். ரோட்டில் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "ஆனா ஒண்ணுலே. கட்டிக்கப் போறவனைக் காப்பாத்தப் பெத்த அய்யாவையே புடிச்சுக் குடுத்துட்டாளே. நாளைக்கு அவ பிள்ளையக் காப்பாத்தணும்னா ஒன்னைய எங்க கொண்டுபோயி நிறுத்துவாளோ!" என்றாள்.

சிரித்ததில் உதடு வெடித்து ரத்தம் வந்தது. துண்டால் ஒற்றிக்கொண்டே, சிவகாசி வருகிறவரை சிரித்துக்கொண்டு வந்தேன்.