தரைப்பாலம் தாண்டி வந்த உத்தரவு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு ஆவி என்று எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ரெவின்யூ டிபார்ட்மெண்டில் ஒரு ஆயுசையே கழித்தவன் நான். கையெழுத்தும் முத்திரையும் இல்லாத காகிதத்தையே நம்பாதவன், காற்றையும் நிழலையுமா நம்பப் போகிறேன்? சுடுகாட்டுப் புறம்போக்கை அளக்க உச்சிவெயிலில் சங்கிலி பிடித்து நடந்திருக்கிறேன், முனி குடியிருக்கிறது என்று ஊரே ஒதுங்கிப் போன புளியமரத்தடியில் சோற்று மூட்டையைப் பிரித்துத் தின்றுவிட்டு அங்கேயே படுத்துத் தூங்கியிருக்கிறேன், எறும்புதான் வந்தது, வேறு எதுவும் வரவில்லை. இப்போது சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள், தாராளமாகச் சிரியுங்கள். வேறு யாராவது வந்து என்னிடம் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

புதுக்கோட்டை சமஸ்தானம் போய், அதைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்துச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. நான் லால்குடிப் பக்கத்து ஆள். வல்லத்திராக்கோட்டையைத் தாண்டி ஒரு பிர்க்காவுக்கு என்னை ரெவின்யூ இன்ஸ்பெக்டராகத் தூக்கிப் போட்டார்கள். காவிரித் தண்ணீரில் வளர்ந்தவனுக்கு அந்தச் செம்மண்ணும் பொட்டலும் பார்த்ததும் அழுகையே வந்தது. அங்கே எல்லாமே கண்மாய்தான். மழை பெய்து கண்மாய் நிறைந்தால் சோறு, இல்லாவிட்டால் கிடையாது, அவ்வளவுதான் கணக்கு.

அதில் ஒரு கண்மாய்க்கு மட்டும் கோர்ட் வழக்கு இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம், அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடுவதற்குக் கரையின் ஓரத்தில் கல்லால் கட்டிய வாய் ஒன்று இருக்கும், அதைக் கலிங்கு என்பார்கள். அதில் வரிசையாக நட்டிருக்கும் கற்களுக்கு நடுவே பலகை செருகிக் களிமண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்துவிட்டால் இன்னும் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கிக்கொள்ளலாம். பாசனக்காரர்கள் அடைப்பார்கள். கரைக்குக் கீழே பள்ளத்தில் குடியிருந்தவர்கள், கரை தாங்காது, தங்கள் குடிசைகள் போய்விடும் என்று திறந்துவிடுவார்கள். வெட்டுக்குத்து வரைக்கும் போய், கடைசியில் தாசில்தார் உத்தரவு இல்லாமல் கலிங்கில் யாரும் கை வைக்கக் கூடாது என்று கோர்ட்டில் தீர்ப்பாகியிருந்தது. யாரும் என்றால் நானும்தான்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது பாருங்கள், வானத்தில் ஓட்டை விழுந்த மாதிரி கொட்டியது. கிஸ்தி பாக்கி வசூலுக்காகப் போனவன் அந்த ஊரிலேயே மாட்டிக்கொண்டேன். மறுநாள் காலையில் மணியக்காரர் குடையோடு ஓடி வந்து கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். போய்ப் பார்த்தால், கண்மாய்த் தண்ணீர் கரையின் விளிம்புக்கு ஒரு முழம் கீழே வந்து நிற்கிறது, கலிங்கு அடைத்தபடி இருக்கிறது, கரையின் அடிவாரத்தில் ஓரிடத்தில் கலங்கல் தண்ணீர் குமிழியிட்டுப் பொங்கிக்கொண்டு இருக்கிறது. அப்படிக் கலங்கலாக வந்தால் உள்ளே கரையை அரிக்கிறது என்று அர்த்தம்.

உடனே தலையாரியிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, ஆற்றுத் தரைப்பாலத்தைத் தாண்டித் தாசில்தாரிடம் ஓடச் சொன்னேன். பள்ளத்துக் குடிசைகளில் இருந்தவர்களை மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஏற்றினோம். பிள்ளைகள், கிழவர்கள், ஆடுகள், கோழிகள் எல்லாம் ஏறிவிட்டன, ஒரு குடிசை மட்டும் ஏறவில்லை. காளியம்மாள் என்று ஒரு அம்மாள், அவள் மகளுக்குத் தலைப்பிரசவ வலி. குழந்தை குறுக்கே கிடக்கிறது, இப்போது தூக்கினால் தாயும் மிஞ்சாது பிள்ளையும் மிஞ்சாது என்று மருத்துவச்சி முடிவாகச் சொல்லிவிட்டாள். அந்தக் குடிசையோ கரைக்கு நேர் கீழே.

மதியத்துக்கு மேல் தலையாரி சீட்டோடு அப்படியே திரும்பி வந்தான்.

"தரைப்பாலம் முங்கிப் போச்சுங்க. ஆள் ஒசரம் தண்ணி போகுது, மரமெல்லாம் அடிச்சுக்கிட்டு வருது. அக்கரையில ஒரு ஜீப்பு நிக்குதுங்க. நம்ம தாசில்தார் ஐயாதான், குடையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. தொண்ட கிழியக் கத்துனேன், காதுல விழலைங்க."

உத்தரவு கொடுக்க வேண்டியவர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நிற்கிறார், உத்தரவு வர வழியில்லை. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கலிங்கில் பாசனக்காரர்கள் மண்வெட்டியோடு காவல் நின்றார்கள். அவர்களுக்குப் பெரியவர் ராமசாமி அம்பலம். கெட்ட மனுஷர் இல்லை, தொடர்ந்து மழை பொய்த்ததில் நொந்துபோனவர், அவ்வளவுதான்.

"உத்தரவு இருக்குங்களா? இருந்தாக் காட்டுங்க, நானே மொத மண்ண எடுத்துப் போடுறேன். இல்லாட்டி ஒரு பிடி மண்ணு எடுக்க விடமாட்டோம். இம்புட்டு வருசம் காஞ்சு கெடந்து இன்னைக்கித்தான் தண்ணியப் பாக்குறோம். கரை நிக்கும்ங்க, எங்க பாட்டன் போட்ட கரை."

காளியம்மாள் நனைந்த சேலையோடு கரை மேல் ஏறி வந்தவள் அவரிடம் போகவில்லை, நேராக என்னிடம் வந்தாள்.

"ஏஞ்சாமி, சட்டை போட்ட ஆளு நீங்கதான இங்க? எம்மவ உள்ள துடிச்சுக்கிட்டுக் கெடக்கா. ஒங்களுக்கு இன்னமும் காயிதம் கேக்குதா?"

நான் திறக்கச் சொன்னாலும் என் பேச்சுக்கு அங்கே யார் நகரப் போகிறார்கள்? தகராறாகி இரண்டு பேர் மண்டை உடைந்தால் அது வேறு. திறந்த பிறகு, திறக்காவிட்டாலும் கரை நின்றிருக்கும் என்று அவர்கள் வழக்குப் போட்டால் கோர்ட் அவமதிப்பில் வேலை போகும், ஊரில் அம்மாவும் கல்யாணம் ஆகாத தங்கைகளும் என் மணியார்டரை நம்பி இருந்தார்கள். திறக்காமல் விட்டாலோ அந்தப் பெண் செத்துப்போவாள். இதையெல்லாம் சேர்த்து நினைத்துக்கொண்டு மழையில் நின்றேன். கீழே குமிழி பெரிதாகிக்கொண்டே வந்தது.

அப்போதுதான் அந்த ஆள் வந்தார்.

ஆற்றுப் பக்கமிருந்து கரை மேலேயே நடந்து வந்தார். நடுத்தர வயது, வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை, மார்பின் குறுக்கே அரக்கு நிறத்தில் டவாலிப் பட்டை, அதில் பெரிய பித்தளை வில்லை. பேய் என்றால் நனையாது, கால் தரையில் பாவாது என்றெல்லாம் சொல்வார்களே, இவர் எங்கள் எல்லாரையும் போலத் தொப்பலாக நனைந்திருந்தார், முட்டிவரை சேறு, மூச்சு வாங்கியது. மணியக்காரர் தோளில் கிடந்த துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எனக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"தாசில்தார் எசமான் உத்தரவு. கலிங்க இப்பவே தொறந்துவிடச் சொன்னாங்க. தாமசம் பண்ணப்படாது."

உயிர் போகிற நேரத்திலும் என் புத்தி எங்கே போயிற்று பாருங்கள். "எழுத்தில் ஏதாவது கொடுத்தாரா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை.

"எழுத நேரமில்லீங்க" என்றார்.

நான் வாய் திறக்கும் முன்பே ராமசாமி அம்பலம் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கலிங்கில் இறங்கிவிட்டார். "அரமனை டவாலியே வந்துருச்சு, இன்னம் என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, எறங்குங்கடா" என்று தன் ஆட்களையே அதட்டினார். நான் வெளியூர்க்காரன், எனக்கு அரண்மனை டவாலியும் தாலுக்கா டவாலியும் ஒன்றுதான், எல்லாம் சர்க்கார் சேவகர்தான். அவர்களுக்கோ சமஸ்தானம் போய்விட்டது என்பதே அதுவரை பாதிதான் மனதில் ஏறியிருந்தது போலிருக்கிறது.

பலகைகள் பிடுங்கிக்கொண்டு வந்தன. முதல் தண்ணீர் கலிங்கைத் தாண்டி விழுந்தபோது வந்த சத்தம் இருக்கிறதே, அதைவிட நல்ல சத்தத்தை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. வெள்ளம் வாரி வாய்க்காலில் பாய்ந்து குடிசைகளுக்கு ஒதுக்கமாக ஓடியது. கண்மாயின் மட்டம் இறங்க இறங்க அடிவாரத்தில் பொங்கிய குமிழி சின்னதாகி, பொழுது சாயும் முன் வெறும் கசிவாக நின்றது. அதே இடத்தில் கரையின் உள்பக்கம் ஒரு வண்டி அளவுக்கு மண் தொபுக்கென்று சரிந்து விழுந்ததைப் பார்த்ததும் அம்பலம் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் முழு மட்டத்தில் இருக்கும்போது அது சரிந்திருந்தால் கண்மாயே குடிசை மேல் வந்திருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "எங்க பாட்டன் போட்ட கரைன்னு சொன்னேனே" என்று சொல்லிச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார், அப்புறம் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். விளக்கு வைக்கிற நேரத்தில் பள்ளத்திலிருந்து பச்சைக் குழந்தையின் அழுகை கேட்டது. குழந்தையைத் திருப்பி எடுத்துவிட்டதாகவும் தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருப்பதாகவும் மருத்துவச்சி வெளியே வந்து சொன்னாள். எனக்கு நெஞ்சில் இருந்து ஒரு பாறையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

அந்தச் சேவகரைத் தேடினேன், ஆளைக் காணோம். வேலை முடிந்தது, போயிருப்பார் என்று விட்டுவிட்டேன். மணியக்காரருக்குத்தான் மனது ஆறவில்லை, அவர் கொண்டுபோன துண்டு புதுசு.

தரைப்பாலம் நினைவு வந்தது அன்று படுத்த பிறகுதான். மரத்தையே அடித்துக்கொண்டு போகிற தண்ணீரை அந்த ஆள் எப்படித் தாண்டினார்? நீச்சல் தெரிந்தவர் போலும் என்று சமாதானம் செய்துகொண்டேன், தூக்கம் வந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

வெள்ளம் வடிந்ததும் கயிறு பிடித்து அக்கரை போனேன். மழையில் நின்றதில் தாசில்தாருக்குக் காய்ச்சல், பயணியர் பங்களாவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் சமஸ்தானத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து மேலே வந்தவர், சிடுமூஞ்சி என்று பெயர். நான் நடந்ததை எல்லாம் சொல்லி, "நல்ல நேரத்தில் உங்கள் சேவகர் வந்து சொன்னாரோ, பிழைத்தோம் சார்" என்றேன்.

அவர் கம்பளியை விலக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்கூட டிரைவரைத் தவிர யாரும் வரலையே" என்றார்.

உத்தரவே இல்லாமல் கலிங்கைத் திறந்திருக்கிறேன் என்று மட்டும்தான் முதலில் உறைத்தது, வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் மெதுவாக, ஆள் எப்படி இருந்தார், டவாலி என்ன நிறம் என்று கேட்டார். சொன்னேன். வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு இருந்ததா என்றார். இருந்தது.

அவர் பேனாவை எடுத்து, கலிங்கு தன் வாய்மொழி உத்தரவின் பேரில்தான் திறக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு என் முன்னால் தள்ளினார். எனக்கு வந்த அழுகையை அடக்கவே முடியவில்லை.

"பொய்யா எழுதலைய்யா நான்" என்றார். "பொன்னையான்னு பேரு. தாலுக்காக் கச்சேரியில எம் மேசைக்கு எதுத்தாப்புல நிப்பாரு, ஒரு உத்தரவு சொன்னா ஆறு கொளம் தாண்டிப் போயிச் சொல்லிட்டு வருவாரு. சமஸ்தானம் போறதுக்கு முந்தியே காலமாயிட்டாரு, அந்த வில்லையெல்லாம் திருப்பி வாங்கிக் கஜானாவில பூட்டியாச்சு. முந்தாநாளு ஆத்தோரம் நிக்கிறேன், அக்கரையில தலையாரி கையை ஆட்டுறான், எனக்குக் கலிங்கு நெனப்புதான். என்னய அறியாம வாயில வந்துருச்சு. பொன்னையா, ஓடிப்போயித் தொறக்கச் சொல்லுய்யான்னு வெறும் மழையப் பாத்துச் சொன்னேன். டிரைவர் கேட்டான், யாருகிட்ட பேசுறீங்கன்னு."

நீங்கள் நம்புங்கள், நம்பாமல் போங்கள். அந்தக் காகிதம் என் வேலையைக் காப்பாற்றியது, பிற்பாடு யாரும் வழக்கும் போடவில்லை, அந்தப் பிள்ளை வளர்ந்து ஆளானதையும் பார்த்தேன். இந்த விஷயத்தில் எனக்குப் பயத்தைவிட நிம்மதிதான் அதிகம். அப்படி ஒரு ஆள் வந்தார் என்பதற்காக யாருக்கு வேண்டுமானாலும் கும்பிடு போடத் தயார்.

ஆனால் நான் விடைபெற்று வாசற்படி இறங்கும்போது தாசில்தார் கூப்பிட்டார்.

"நான் ரெண்டு உத்தரவு சொன்னேன்யா. கலிங்கு ஊருக்கு. இன்னொண்ணு ஒங்களுக்கு. அத வந்து சொன்னாரா?"

"இல்லையே சார். என்ன உத்தரவு?"

அவர் கம்பளியை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டார். "ஆள்கிட்ட சொல்லி அனுப்புனத நானே திரும்பச் சொல்ற வழக்கமில்ல. அவரு வருவாரு. வந்து சொன்னா, எதுத்துக் கேள்வி கேக்காமச் செஞ்சுடுங்க."

பிற்பாடு எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தேன், சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். ரிடையர் ஆனார், காலமானார், அதைச் சொல்லாமலேயே போய்விட்டார். நானும் ரிடையர் ஆகி வீட்டோடு இருக்கிறேன். அது நல்ல உத்தரவாகத்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனாலும் மழை நாளில் யாராவது வாசலில் வந்து நின்று குரல் கொடுத்தால் நான் எழுந்து போவதில்லை, யாரென்று பார்க்க என் மனைவியைத்தான் அனுப்புகிறேன்.