வலது பக்கம் உடைந்த எலும்பு

எழுபதுகளில் ஒரு மழைக்காலம். கல்கத்தாவின் டாலிகஞ்சில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து, கழுத்தடியிலிருந்து வலது தோளுக்குப் போகும் காறை எலும்பை உடைத்துக்கொண்டேன். அப்போது ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். தினமும் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போய், சாயங்காலம் வரை இரண்டு கையாலும் தட்டித் தள்ளும் பிழைப்பு. கை பழையபடி மேலே போகுமா என்பது ஒன்றுதான் என் கவலை. வீட்டில் கவலை வேறு. எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பார்த்த டாக்டர் கத்திக் கட்சி. திறந்து, தகடு வைத்து, திருகாணி போட்டுவிடலாம், எலும்பு நேராகக் கூடும், ஆனால் தழும்பு நிற்கும் என்றார். இரண்டாவது டாக்டர் கட்டுக் கட்சி. இதற்கெல்லாம் எவனாவது கத்தியை எடுப்பானா, இரண்டு தோளையும் பின்னால் இழுத்து எட்டு மாதிரிக் கட்டினால் தானே கூடிவிடும், கொஞ்சம் புடைப்பாக இருக்கும், அவ்வளவுதான் என்றார். கை மேலே போகுமா என்று இரண்டு பேரிடமும் நான்தான் கேட்டேன். இரண்டு பேரும் அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்கள். உடைந்தது அவருடைய எலும்பு என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ.

வீட்டுக்கு வந்ததும் விவாதம் ஆரம்பித்தது. எது சீக்கிரம் குணமாகும் என்றல்ல. தழும்பை மறைப்பது சுலபமா, புடைப்பை மறைப்பது சுலபமா என்று.

"உடைச்சுக்கறதுதான் உடைச்சுக்கிட்டே, இடது பக்கம் உடைச்சுக்கக் கூடாதா? தலைப்பு மூடியிருக்குமே" என்றாள் அம்மா.

"விழும்போது தோணலம்மா. அடுத்த தடவை பார்த்து விழறேன்" என்றேன்.

"வாய் மட்டும் உடையல பாரு" என்றாள்.

கீழ் வீட்டு வங்காளி மாமி, மாஷிமா என்றுதான் கூப்பிடுவோம், ஹோமியோபதி உருண்டைகளோடு மாடியேறி வந்து தீர்ப்பு சொன்னாள். தழும்பைப் பார்த்தால் நாலு பேர் கதை கேட்பார்கள். புடைப்பைப் பார்த்தால் பெண் ஒல்லி, எலும்பு தெரிகிறது என்று விட்டுவிடுவார்கள். அப்பா தலையாட்டினார். கட்டுக் கட்சி ஜெயித்தது. பெரிய பெரிய டாக்டர்கள் முடிவுக்கு வராத விஷயம் எங்கள் கூடத்தில் ஒரு சாயங்கால டீயில் முடிந்துபோயிற்று.

கட்டோடு உட்கார்ந்தபடியே தூங்கினேன். அக்குள் வெந்து புண்ணாயிற்று. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, எலும்பு கூடிவிட்டது. அதன் மேல் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு புடைப்பு. கட்டை அவிழ்த்த அன்று கையைத் தூக்கிப் பரணைத் தொட்டுப் பார்த்தேன். தொட முடிந்தது. சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. அம்மாவும் அழுதாள், புடைப்பைப் பார்த்து.

துர்கா பூஜை முடிந்த கையோடு பக்கத்துப் பெஹாலாவுக்கு ஊரிலிருந்து புதிதாகக் குடிவந்திருந்த ஒரு அம்மாளும் பிள்ளையும் பெண் பார்க்க வந்தார்கள். அம்மா என் தலைப்பை முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து வலது தோள்மேல் போர்த்தி, ஊக்குக் குத்தி அனுப்பினாள். புழுக்கத்தில் எனக்கு வேர்த்து ஊற்றியது. அந்த அம்மாள் உருகிப்போனாள்.

"கல்கத்தாவில வளர்ந்த பொண்ணுன்னு பயந்துக்கிட்டே வந்தேன். என்னமா இழுத்துப் போர்த்திக்கிட்டு அடக்கமா நிக்கிறா. கல்யாணத்துக்கப்புறம் வேலைக்கெல்லாம் அலைய வேண்டாம், வீட்டோட இருக்கட்டும்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊக்கைக் கழற்றினேன். வலது தோள் வெளியே வந்தது.

"இது அடக்கம் இல்ல மாமி. இங்க எலும்பு உடைஞ்சு கூடியிருக்கு. கை இவ்வளவு உயரம் போகும். நான் வேலைக்குப் போவேன்" என்று கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன்.

அதுவரை வாயே திறக்காத பிள்ளை, தன் அம்மா பக்கம் சாய்ந்து, "இன்னும் வலிக்குதான்னு கேளும்மா" என்றான். அவள் என் அப்பாவிடம் கேட்டாள். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள் அம்மா.

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், தூக்கிய கையோடு. வலித்துக்கொண்டுதான் இருந்தது.