சனி வளையத்தில் விழுந்த சூப்பர்வைசர்

நாகரசம்பட்டி நாராயணப்பனின் மகள் மேகலாவுக்கு இருபத்தேழு வயதுக்குள் இரண்டு உத்தியோகங்கள் வாய்த்திருந்தன. ஒன்று, ஓசூர் சிப்காட்டில் பல்சக்கரம் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை. மற்றது, அந்தத் தொழிற்சாலையின் பேருந்தில் சூப்பர்ஹீரோ படங்களையும் விண்வெளித் தொடர்களையும் பற்றி அன்றாடம் நடக்கும் விவாதத்துக்குத் தலைமை தாங்குவது. முதலாவதற்குச் சம்பளம் உண்டு. இரண்டாவதற்கு முன்வரிசை ஜன்னலோர இருக்கை உண்டு.

விடிவதற்கு முன்பே ஸ்கூட்டியில் கிளம்பிக் கிருஷ்ணகிரிக்கு வந்து, வண்டியை ஸ்டாண்டில் விட்டு, கம்பெனிப் பேருந்தைப் பிடிப்பாள். ஓட்டுநர் திம்மராயன் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் கன்னடமும் பேசுகிறவர். சூளகிரியில் பிரதாப் ஏறுவான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தவன். அவன் ஏறிய பிறகு ஓசூர் வரைக்கும் பேருந்தில் வேறு யாரும் தூங்க முடியாது.

'காந்தக்கையன்' படம் வெளியான வாரம், ஐந்து நாளும் ஒரே வழக்குதான் நடந்தது.

"அவன் கைய நீட்டினா ரயிலே நிக்குது, சரி. அவன் இடுப்புல இருக்கற பெல்ட் பக்கிள் மட்டும் ஏன் கையில வந்து ஒட்டல?" என்று மேகலா கேட்டாள்.

"அது பித்தளை பக்கிளு. பித்தளைல காந்தம் ஒட்டாதுல்லா? இதுகூடத் தெரியாம இன்ஸ்பெக்‌ஷன்ல உக்காந்திருக்கியே" என்றான் பிரதாப்.

"பித்தளைன்னு படத்துல எங்க சொன்னான்?"

"எல்லாத்தையுமா சொல்லுவான்? நாமளா புரிஞ்சிக்கிடணும்."

திம்மராயன் கண்ணாடியில் இருவரையும் பார்த்தார். "அவன் நம்ம பிளான்ட்டுக்கு வந்தான்னா ஒரு கியர் மிச்சம் இருக்காதும்மா. ஆனா உள்ள வரமாட்டான். கேட்லயே செக்யூரிட்டி நிறுத்திடுவான்."

"காந்தக்கையனையா? என்ன சொல்லி நிறுத்துவான்?"

"ஐடி கார்டு எங்கன்னு கேப்பான்."

படம் என்றால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். தொடர் அப்படியல்ல. 'சனிக்கு அப்பால்' என்ற வெளிநாட்டுத் தொடர் அவர்களுக்கு ஒரு விசித்திரமான சிக்கலைக் கொண்டுவந்தது. மேகலா அதைத் தமிழ்க் குரலில் பார்த்தாள். திம்மராயன் தெலுங்கில் பார்த்தார். பிரதாப் ஆங்கிலத்திலேயே பார்த்து, அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டான். கப்பல் தலைவனுக்கு ஆளுக்கொரு பெயர் இருந்தது. பிரதாப் சொன்ன பெயரோ திங்கட்கிழமை ஒருவிதமாகவும் வியாழக்கிழமை வேறுவிதமாகவும் ஒலித்தது. ஒருவர் அழுதுகொண்டு விவரிக்கும் மரணம் யாருடையது என்று மற்ற இருவருக்கும் விளங்காமல் போன ஒரு காலைக்குப் பிறகு, மேகலா முறையாக ஓர் ஏற்பாடு செய்தாள். மூவருக்கும் பொதுவான மொழி தொழிற்சாலை மொழி. ஆகவே பெயர்களையும் அங்கிருந்தே எடுப்பது.

விண்கப்பல் 'பிளான்ட்' ஆயிற்று. அதன் தலைவன் 'சூப்பர்வைசர்' ஆனான். இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல் வேலை வாங்கினாலும் முகம் சுளிக்காத இயந்திர மனிதர்களுக்கு 'டிரெய்னி' என்று பெயர் விழுந்தது. கிரகம் கிரகமாக வந்து சோதித்து, தன் கணக்குக்கு ஒத்துவராததையெல்லாம் அழித்துவிட்டுப் போகும் கொடியவனுக்கு 'ஆடிட்டர்'. இந்தக் கடைசிப் பெயரைப் பற்றி மட்டும் எந்த விவாதமும் எழவில்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் மேகலாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. காவேரிப்பட்டினத்து நவீன்குமார் ஒரு மாங்கூழ் ஆலையில் ஆய்வகப் பொறுப்பில் இருந்தான். பெண் பார்க்க வந்த அன்று இருவருக்கும் பிடித்துப்போயிற்று. ஒன்றே ஒன்றுதான் தீராமல் நின்றது. கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன் என்று மேகலா சொல்லியிருந்தாள். மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் இருந்து, போன தை மாதம்தான் நிரந்தரமாகியிருந்த வேலை அது. நவீன்குமாரின் அத்தை ராஜலட்சுமி, அந்தக் குடும்பத்தில் எதற்கும் கடைசி வார்த்தை சொல்கிறவர், "அத அப்பறம் பேசிக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்புறம் பேசிக்கொள்வதென்றால் இல்லை என்று பொருள் என்பது மேகலாவுக்குத் தெரியும். தட்டு மாற்றும் நாளில் அதை நேருக்கு நேர் கேட்டுவிடுவதென்று அவள் முடிவு செய்திருந்தாள்.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, தொடரில் அந்த சீசனின் கடைசிப் பகுதி வெளியாயிற்று. பார்த்து முடித்த கையோடு மேகலா பின்கட்டில் நின்று பிரதாப்பைப் போனில் அழைத்தாள்.

"பாத்தியா? ஆடிட்டர் வந்து மொத்த பிளான்ட்டையும் மூடிட்டான். ஆமா, மொத்தமும். சூப்பர்வைசரும் செத்துட்டாரு. டிரெய்னி எல்லாம் கரன்ட் இல்லாம வரிசையா நிக்குதுங்க, பாக்கவே பாவமா இருக்குது. இத்தன வருசம் இதயே நம்பிக்கிட்டு இருந்தம், கடைசில இப்படிப் பண்ணிட்டாங்களே."

சமையலறை ஜன்னலுக்கு உள்ளே பருப்பு தாளித்துக்கொண்டிருந்த அம்மா வெங்கடம்மாளின் கை அப்படியே நின்றது. மகளின் குரல் தழுதழுத்ததை அவர் தம் காதாலேயே கேட்டார். அடுப்பை அணைத்துவிட்டு மாந்தோப்புக்குப் போய்க் கணவரிடம் விஷயத்தைச் சொன்னார்.

"புள்ள யார்கிட்டயும் சொல்லாம மனசுல வெச்சிக்கினு இருக்குது. நாளைக்கு நல்ல காரியம்னு அடக்கிக்கினு இருக்கும். நீங்க போயி கேட்டுராதீங்க."

நாராயணப்பன் கேட்கவில்லை. ஆனால் சந்தைக்கு மாங்காய் அனுப்பும்போது அடிபட்ட காயைக் கூடையின் மேலே வைத்து அனுப்புகிறவர் அவர். பெண்ணுக்கு வேலை போனதை மறைத்துத் தட்டு மாற்ற அவர் மனம் ஒப்பவில்லை. மகளுக்குத் தெரியாமல் காவேரிப்பட்டினத்துக்குப் போன் செய்து, உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேகலாவுக்கு எல்லாம் புதுமையாக இருந்தது. அம்மா வாசல் பெருக்கக்கூட அவளை விடவில்லை. இட்லிக்கு நெய் ஊற்றினார். அப்பா கடந்து போகும்போது நின்று, "எதுவா இருந்தாலும் பாத்துக்கலாம் பாப்பா. நிலம் இருக்குது, நான் இருக்கறன்" என்றார். மகளைக் கட்டிக்கொடுக்கும் வருத்தம் போலிருக்கிறது என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

மதியத்துக்கு மேல் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். போன முறை சிரிப்பே இல்லாமல் உட்கார்ந்திருந்த ராஜலட்சுமி இன்று வாசலிலேயே சிரித்துக்கொண்டு இறங்கினார். மேகலாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டார்.

"வருத்தப்படாத கண்ணு. சாமியே பாத்து முடிச்சு வெச்சிருச்சு. இனிமே விடிகாலைல வண்டி எடுக்கற வேலை இல்ல. ஒரு சீமை மாடு புடிச்சித் தர்றன், வூட்டோட இரு."

"எதுங்க முடிஞ்சுது?"

"அதான், உன் பேக்டரி."

மேகலா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தார். அப்பா தொண்டையைச் செருமினார். "நேத்து நீ போன்ல சொன்னத அம்மா கேட்டுச்சு பாப்பா. மூடி மறைக்கறதுக்கு என்ன இருக்குது? ஆடிட்டரு மூடிட்டாரு, சூப்பர்வைசரும் போயிட்டாரு. உன் தப்பு ஒண்ணும் இல்லியே."

விஷயம் விளங்க அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் தவறாகப் போயிற்று.

"அது டிவி சீரியலுப்பா. விண்வெளிக் கதை. நாங்க வேடிக்கைக்கு வெச்ச பேரு அதெல்லாம்."

"பாவம், தாங்க முடியாம என்னென்னமோ சொல்லுது" என்றார் ராஜலட்சுமி, வெங்கடம்மாளிடம். "விண்வெளியில ஏது கண்ணு ஆடிட்டரு?"

எத்தனை சொன்னாலும் நம்புவார் இல்லை. சாட்சி ஒன்று வேண்டும் என்று மேகலாவுக்குத் தோன்றியது. திம்மராயனை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள். "எங்க கம்பெனி பஸ் டிரைவருங்க. நீங்களே கேட்டுக்கங்க" என்று போனை ராஜலட்சுமியிடம் நீட்டினாள். அங்கேதான் அவள் கணக்கு பிசகியது.

"ஏம்ப்பா, நாங்க மேகலா வூட்டுக்கு வந்திருக்கற சம்பந்திங்க பேசறம். பிளான்ட்ட மூடிட்டாங்களாமே, நிஜமா?"

புதிதாக ஒரு ரசிகை கிடைத்த மகிழ்ச்சி திம்மராயனின் குரலில் தெரிந்தது. "அவுனம்மா, ஆமாம்மா, மொத்தமும் போச்சு. நீங்களும் பாத்தீங்களா?"

"பாக்கல, கேள்விப்பட்டம். சூப்பர்வைசரு?"

"அய்யோ, அத ஏம்மா கேக்கறீங்க. என் சம்சாரம் ராத்திரி சோறே சாப்பிடல."

"அண்ணா" என்று மேகலா குறுக்கிட்டாள். ராஜலட்சுமி கையை உயர்த்தி அவளை அடக்கினார்.

"எந்த எடத்துலப்பா செத்தாரு? ஆஸ்பத்திரிலயா?"

"ஆஸ்பத்திரிக்கு எங்கம்மா போறது? சனி வளையத்துல விழுந்துட்டாரு. உடம்புகூட கிடைக்கல. ஆனா ஒண்ணு சொல்றன், அடுத்த சீசன்ல கண்டிப்பா எழுந்து வந்துடுவாரு."

நாராயணப்பன் போன் பக்கம் குனிந்தார்.

"சனி வளையம்னா ஓசூர்ல எந்தப் பக்கம்? பாகலூர் ரோடா?"

அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்த நவீன்குமார் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. "சூப்பர்வைசருன்னா அந்தக் கப்பல் கேப்டனா?" என்று விரல்களுக்கு இடையிலிருந்து கேட்டான்.

"ஆமாங்க."

"சாகறாரா?"

"நீங்களும் பாக்கறீங்களா?"

"ஆறாவது எபிசோட்ல இருக்கறங்க."

மேகலா நாக்கைக் கடித்துக்கொண்டாள். போனில் திம்மராயன், "எவரு அது, ஆறாவதா? தப்பாயிப்போச்சே, தம்பி, நான் சொன்னத மறந்துடு" என்று சொல்லி அவசரமாக வைத்துவிட்டார். வெங்கடம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போனார். நாராயணப்பன் வெட்கத்துடன் துண்டை உதறினார்.

சிரிக்காதவர் ராஜலட்சுமி ஒருவர்தான். அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ பேக்டரி இருக்குது."

"இருக்குதுங்க."

"நாளைக்கு நீயும் போவ."

"போவங்க."

இவ்வளவில் நிறுத்தியிருந்தால் மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று எல்லோரும் பலகாரத்துக்கு நகர்ந்திருப்பார்கள். அப்பாவின் கண்கள் அதைத்தான் கெஞ்சின. ஆனால் அளவுக்குள் வராத பல்சக்கரத்தை 'பார்த்துக்கொள்ளலாம்' என்று அனுப்பி வைக்கும் வழக்கம் மேகலாவுக்கு இல்லை.

"கல்யாணத்துக்கு அப்பறமும் போவங்க. அதத்தான் அன்னைக்கே சொன்னன். நீங்க இன்னும் பதில் சொல்லல. இன்னைக்குச் சொல்லிட்டீங்கன்னா நல்லாருக்கும்."

"வேலை போச்சுன்னு கேட்டுத்தான் நிம்மதியா வந்தன்" என்றார் ராஜலட்சுமி. அதில் ஒளிவுமறைவு இல்லை.

"தெரியுதுங்க. காவேரிப்பட்டினத்துல இருந்து கிருஷ்ணகிரிக்கு இங்கிருந்து போறதவிடக் கிட்ட. எனக்கு இன்னும் அரை மணி நேரம் தூங்கக் கிடைக்கும். அதுக்காகவே இந்த எடத்துக்குச் சரின்னன்னு வெச்சிக்கங்க."

"என் மருமவன் மூஞ்சிக்காக இல்லியா?"

"அதுவும் கொஞ்சம்."

நவீன்குமார் முகத்திலிருந்து கையை எடுத்தான். "அத்தை, எங்க ஜூஸ் பேக்டரி ஓடறது மாங்கா சீசன்ல மட்டுந்தான். மத்த மாசத்துல பாதிச் சம்பளம். ஒருத்தருக்காவது வருசம் பூரா வேலை இருக்கறது நல்லதுதான? மத்த மாசத்துல நான் என்ன பண்றன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியாம என்ன? போர்வையப் போத்திக்கினு போனப் பாப்ப. இப்பத்தான தெரியுது, சனி வளையத்தப் பாத்துக்கினு இருந்திருக்க."

"அதுவே முழுசாப் பாக்க முடியாமப் போச்சு."

"நீ பேசாத." ராஜலட்சுமி மேகலாவை ஏற இறங்கப் பார்த்தார். நேராகக் கேட்டு நேராகப் பதில் வாங்குகிற பெண்ணை வீட்டில் வைத்துக்கொள்வதில் உள்ள லாப நஷ்டத்தை அவர் அப்போது எடைபோட்டிருக்க வேண்டும். மேகலாவும் கண்ணைத் தாழ்த்தவில்லை. கடைசியில் அத்தைதான் நவீன்குமார் பக்கம் திரும்பினார்.

"போகட்டும். ஆனா இருட்டுல இந்தப் பொண்ணு தனியா வண்டி ஓட்டிக்கினு போறத நான் பாத்துக்கினு இருக்க மாட்டன். கிருஷ்ணகிரி பஸ்ஸுக்கு தெனமும் நீதான் கொண்டுபோய் விடணும். சம்மதமா?"

எத்தனை மணிக்கு என்று கேட்கத் தோன்றுவதற்குள் நவீன்குமார் தலையாட்டிவிட்டான். ராஜலட்சுமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பதறி எழுந்தார்.

"நாலரைக்கு ராகு காலம் பொறந்துரும். எந்திரிங்கண்ணா, தட்ட எடுங்க."