எழுப்பப்படாத மன்மதன்

ஆண்டுதோறும் மேடையில் கணவனை இழந்து அழுகிற ஓர் ஆண், நிஜமான சாவின் முன்னால் எந்தக் குரலில் அழுவான்? மலாக்காவில், ஜாசின் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் லாரிக்கு எண்ணெய்க்குலை ஏற்றிய பிச்சைமுத்துவின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் சுமந்து திரிந்ததாகத் தோன்றுகிறது.

காமன் கூத்தில் அவர் ரதி. மன்மதன், அவருடைய தங்கை முனியம்மாவின் கணவர் பெரியதம்பி. இருபத்திரண்டு மாசி மாதங்கள் அப்படியே போயின. "வீட்டுல மச்சான், மேடையில பொண்டாட்டி. தங்கச்சிதான் பாவம்லா!" என்று தோட்டத்து லயத்து வீடுகளில் கேலி பேசுவார்கள். பிச்சைமுத்து பெரிய பாடகர் அல்லர். சுருதி அடிக்கடி விலகும். ஆனால் மன்மதன் எரிந்ததும் அவர் தரையில் உட்காரும் விதத்தில் பொய் இருக்காது.

கூத்துக்கு ஒரு முறை உண்டு. சிவன் எரித்த மன்மதனை மூன்றாம் நாள் ரதி பாடி எழுப்ப வேண்டும். எரித்ததோடு நிறுத்தினால் அது கூத்தல்ல, கொலை என்பார் பிச்சைமுத்து.

1994இல் மாநிலக் கலை அமைப்பு ஒன்றும் நகர மண்டபங்களும் தோட்டத்துச் சங்கங்களும் சேர்ந்து வட்டாரக் கலைஞர்களுக்கு ஒரு கூட்டுத் திட்டம் தொடங்கின. தேர்வாகும் குழுவுக்கு ஓராண்டு மேடை, ஒத்திகைக்கு இடம், போய்வர பஸ். கூத்துத் திடலில் வீடமைப்புப் பலகை நட்டாகிவிட்ட நேரம் அது. இது கிடைக்காவிட்டால் குழு கலைவதைத் தவிர வேறு வழியில்லை.

தேர்வுக்கு இருபது நிமிடம்தான். ஒருங்கிணைப்பாளர் ரெஜினால்ட், புலாவ் செபாங்கிலிருந்து வந்த ஆசிரியர், நல்ல மனிதர்.

"எரியிற கட்டத்தோட முடிச்சிடுங்கய்யா. அதுதான் ஆளைப் புடிக்கும்."

"எழுப்பாம எப்படி சார் எறங்குறது?"

பெரியதம்பி சிரித்தார். "மூணாம் நாளு நம்ம கோயில்ல வெச்சு எழுப்பிடு மச்சான். அதுவரைக்கும் செத்தே கெடக்குறேன். ஒந்தங்கச்சிக்கும் கொஞ்சம் நிம்மதி."

பிச்சைமுத்து ஒப்புக்கொண்டார்.

மலாக்கா மண்டபத்தில் நெருப்பு மூட்ட விடவில்லை. சிவப்பு விளக்கில் மன்மதன் எரிந்தார். ரதி அழுதார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. கைதட்டலுக்கு வணக்கம் சொல்லப் பெரியதம்பி தானே எழுந்தார். யாரும் பாடி எழுப்பாமல் அவர் எழுந்ததை அந்த மண்டபத்தில் கவனித்தவர் பிச்சைமுத்து ஒருவர்தான்.

மறுநாள் காலை, செர்காம் போகும் சாலையில் பெரியதம்பியின் மோட்டார் சைக்கிளை மணல் லாரி மோதியது.

மூன்றாம் நாள் அடக்கம். பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தபோது முனியம்மா தலை நிமிர்ந்தாள்.

"எழுப்புறேன்னு சொல்லித்தானேண்ணே கூட்டிட்டுப் போனே? பாடு. எழுப்பு."

பிச்சைமுத்து வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

விடுபட்ட பாட்டுக்கும் சாலை விபத்துக்கும் தொடர்பில்லை என்பது யோசிக்கிற எவருக்கும் தெரியும். பிச்சைமுத்துவுக்கும் தெரிந்தது. தெரிந்திருப்பதால் துக்கத்தில் ஓர் அங்குலமும் குறைவதில்லை.

நாற்பது நாள் கழித்து ரெஜினால்ட் கடிதத்தோடு வந்தார். குழு தேர்வாகியிருந்தது. "வேணாம்னா சொல்லுங்கய்யா. நானே எழுதிக் குடுத்துடுறேன். யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

கூத்தாடிகள் எல்லாரும் பிச்சைமுத்துவைப் பார்த்தார்கள்.

"ஆடுறோம் சார். ஆனா முழுக் கூத்து. எழுப்புறது வரைக்கும்."

ரெஜினால்ட் தலையசைத்தார்.

முதல் ஒத்திகையில் சிவன் வேடக்காரர் நல்லமுத்து தயங்கித் தயங்கிக் கேட்டார். "மன்மதனுக்கு யாருண்ணே?"

"நான்."

"அப்ப ரதி?"

"பின்பாட்டு சேகரன். அவனுக்குத்தான் எல்லாப் பாட்டும் தெரியுமே."

"ஒங்க மாதிரி வருமாண்ணே?"

பிச்சைமுத்து வெள்ளைத் துணியை எடுத்து உதறினார்.

அந்த ஆண்டு பதினொரு மேடைகளில் பிச்சைமுத்து எரிந்தார். வெள்ளைத் துணிக்கு அடியில் அசையாமல் கிடந்தார். சேகரன் பாடி முடித்ததும் எழுந்தார். ரதி வேடத்தை அவர் பிறகு கட்டவே இல்லை. ஜாசின் மேடைக்கு வந்திருந்த முனியம்மா, கூத்து முடிந்து பின்பக்கம் போய், "ஏண்ணே இப்படி? அவரு வேஷத்த நீ ஏன் கட்டுறே?" என்று கேட்டாள். அவர் தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.