மிளகு பறிக்கக் கிளம்பிய போதகர்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். புளி மூட்டையைத் தலையில் சுமந்து மலை இறங்கியவன், புதூர்நாட்டுப் பக்கம் முதல் ஜீப்பைச் சொந்தமாக வாங்கினேன். ஆளைப் பார்த்ததும் எடை போட்டுவிடுவேன். எனக்குப் பிடிபடாதவர் அந்தப் போதகர் ஒருவர்தான்.

திருப்பத்தூரிலிருந்து என் ஜீப்பில்தான் வருவார். எங்கள் ஊர் ஜீப் ஸ்டாண்டிலேயே நின்று பிரசங்கம் செய்வார். சொர்க்கம், நரகம் என்று பேசினால் எனக்குப் புரிந்திருக்கும். அவரோ, "ஆண்டவர் உங்க காணிக்கைய கேக்கல. இந்த ஊர்ல இருந்து மரம் வெட்டப் போனவன் எங்கன்னு கேக்கறார்" என்பார். செம்மரம் வெட்டப் போய் ஆந்திர ஜெயிலில் கிடப்பவர்களின் பெண்டாட்டிகளை வக்கீலிடம் கூட்டிப்போவார். சும்மா எவன் செய்வான்? மரம் வெட்டத் தரகன் ஆளைப் பிடிக்கிறான், இவர் ஆளோடு சேர்த்துச் சாமியையும் பிடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பையில் மதம் மாற்றும் நோட்டீஸ் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். தண்ணீர் பாட்டிலும் பொரியும்தான் இருக்கும்.

ஒரு காலையில் தரகன் ஒருவன் நான்கு பேரை என் ஜீப்பில் ஏற்றினான். கேரளாவில் மிளகு பறிக்கும் வேலையாம். நால்வரில் ஒருவன் என் தம்பி மகன். மிளகு பறிக்க எதற்குத் தோள் பலம்? அந்தத் தரகன் ஒவ்வொருவன் தோளையும் அமுக்கிப் பார்த்துத்தான் ஏற்றினான். தம்பி மகனைப் பார்த்து இறங்குடா என்றேன்.

"நீ மட்டும் சம்பாரிக்கலாம், நான் சம்பாரிக்கக் கூடாதா பெரிப்பா?"

ஸ்டாண்டில் பேசிக்கொண்டிருந்த போதகர் பேச்சை நிறுத்திவிட்டு வந்து, ஏறி, அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க எங்க சார் வர்றீங்க?" என்றான் தரகன்.

"மிளகு பறிக்கத்தான். இந்தத் தம்பி எங்க எறங்குதோ, அங்க எறங்குவேன்."

"உங்களுக்கு இன்னாத்துக்கு சார் இந்த வேலை?"

"நல்ல வேலைன்னு நீதானப்பா சொல்ற."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் சாவியைத் திருப்பவில்லை. போன் பேசிவிட்டு வருகிறேன் என்று இறங்கிய தரகன், ஒரு பைக்கில் தொற்றிக்கொண்டு போனவன்தான். தம்பி மகன் பைக் போன பக்கம் எட்டிப் பார்த்தான். பிறகு, "அப்ப மிளகே இல்லியா?" என்று கேட்டான்.

இப்போது அவன் சாமை விதைக்கிறான். போதகர் மேல் அவனுக்கு இன்னும் கோபம்தான். போதகரோ அவனையும் சரி, என்னையும் சரி, ஜெபத்துக்கு வா என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

முன்பின் தெரியாதவன் ஆளேற்ற வந்தால், போதகர் வரட்டும் என்று சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன். அவர் ஏறி உட்கார்ந்ததும், பின்னால் பார்க்கும் கண்ணாடியை அவர் பை தெரியும்படி திருப்பி வைக்கிறேன்.